நாலரைக் கட்டையில் ஒரு பியானோ

1983 ஆகஸ்டு 13, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஐந்தே முக்காலுக்கு எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்கள் ஆபீஸ் முன்னால் பெயர் கொடுக்கப் போகும் செருப்புச் சத்தம் எங்கள் வரிசை வீடுகளைத் தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளி இல்லாத நாள். ஆறேகாலுக்குத் தோசை, சட்னி. ஏழு மணிக்கு வீட்டுக்காரரின் நீலச் சட்டைகள் இரண்டையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். எஞ்சின் எண்ணெய்க் கறை ஒரு மணி நேரம் ஊறினால்தான் விடும். எட்டு மணிக்கு நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் இருபத்தேழையும் திருத்தினேன். ஒன்பதரைக்கு ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பத்து மணிக்குக் கீபோர்டை மேசையில் வைத்து, அந்தப் பாட்டை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாசித்தேன். தப்பு இல்லை.

டைரியில் அன்றைய பக்கத்தின் தலைப்பில் முந்தைய நாளே எழுதிவைத்திருந்தேன்: "2.30, செனாவாங், தம்பி வீடு. சேர்த்துக்கொள்வார்களா?"

தம்பி செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அவனும் அதே தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன இசைக்குழு வைத்திருந்தார்கள். தம்பி கித்தார், ஒரு மலாய்க்காரர் டிரம், பேஸ் கித்தாரை மாட்டிக்கொண்டு பாடுகிறவர் அங்கே சூப்பர்வைசர். தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று பாஷையிலும் பாட வேண்டியிருந்தது. ஆங்கிலத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டு பியானோவில் தொடங்குகிறது. பியானோவுக்கு ஆள் இல்லை. "எங்க அக்கா இருக்காங்க" என்று தம்பி சொல்லியிருக்கிறான். சூப்பர்வைசர் சிரித்திருக்கிறார். எஸ்டேட் தமிழ்ப்பள்ளி டீச்சர், முப்பத்தாறு வயது, ராக் பாட்டுக்கா என்று. ரெம்பாவில் அவருக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். கீபோர்டையே இரண்டு மாடியாக வைத்து வாசிப்பவராம். தம்பி பிடிவாதம் பிடித்ததால், சனிக்கிழமை நான், ஞாயிற்றுக்கிழமை ரெம்பாவ்காரர் என்று முடிவாகியது. இருவரில் ஒருவர்.

எனக்கு அந்த இடம் வேண்டும் என்பதை யாரிடமும் நான் சொல்லவில்லை. டைரியிடம் மட்டும் சொன்னேன், அதுவும் கேள்விக்குறியோடு.

அந்தப் பாட்டைத் தம்பி தேர்ந்தெடுத்தது தற்செயல். என் விஷயத்தில் தற்செயல் இல்லை. அதில் பியானோ வாசித்தவரை நான் ஆறு வருஷமாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன்.

அவர் எந்தக் குழுவையும் சேர்ந்தவர் அல்ல. ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டால் வந்து வாசித்துவிட்டுப் போகிறவர். அட்டையின் முன்பக்கம் நான்கு பேரோ ஐந்து பேரோ தலைமுடியை விரித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் அவர் இருக்க மாட்டார். பின்பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், பியானோ என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். தம்பி எனக்குக் கொடுத்த பழைய இசைத்தட்டுகளில் வேறு வேறு குழுக்களின் தட்டுகள் மூன்றில் அதே பெயரை ஒருநாள் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் என் ஆள். பிறகு சிரம்பானில் பழைய தட்டு விற்கும் கடைக்குப் போகும்போதெல்லாம் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் படிப்பது பழக்கமாகிவிட்டது. கடைக்காரச் சீனர், "டீச்சர் எல்லாத்தையும் தலைகீழாப் பாக்குறாங்க" என்று மலாயில் சொல்வார். ஏழு தட்டுகள் சேர்ந்தன. ஒன்றின் உள்ளுறையில் ஒலிப்பதிவு அறையின் படம் இருந்தது. அதில் கித்தார்க்காரரின் தோளுக்குப் பின்னால் ஒரு முழங்கையும் பாதி முதுகும் தெரிந்தன. அதுதான் அவர் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பக்கங்களில் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன், அவருக்கு மட்டும் விலக்குக் கொடுக்க முடியாது.

சிரம்பானில் கான்வெண்டில் படித்தபோது ஒரு கன்னியாஸ்திரீயிடம் மூன்று வருஷம் பியானோ கற்றேன். பத்து விரலும் வேலை செய்ய வேண்டும், சும்மா இருக்கும் விரல் சோம்பேறி விரல் என்பது அவர் பாடம். இந்த மனிதர் அதற்கு நேர்மாறு. நான் சொல்லும் பாட்டில், தொடக்கத்தில் நான்கு வரிசை வாசிக்கிறார். பிறகு பாடகர் வந்ததும் கையை எடுத்துவிடுகிறார். முதல் சரணம் முழுக்க ஒன்றுமே இல்லை. இரண்டாம் சரணத்தில் பாடகர் மூச்சு விடும் இடத்தில் இரண்டே இரண்டு சுரம். அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் சில பேர் பரிமாறுவார்கள். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, சோறு காயத் தொடங்கும் நேரத்தில் இலையில் ரசம் இருக்கும். அந்தக் கை. மற்றவர்கள் எல்லாம் வாளியை ஆட்டிக்கொண்டு "ரசம், ரசம்" என்று கத்திக்கொண்டு போகிறவர்கள்.

இன்னொன்றுக்காகவும் அவரை வியந்தேன். அவர் கறுப்புக் கட்டைக்காரர். என்னிடம் இருந்தது நாற்பத்தொன்பது கட்டை கொண்ட ஜப்பான் கீபோர்டு, ஆறு பேட்டரி போட்டால் ஓடும். தட்டைப் போட்டுவிட்டு அதில் தேடிப் பார்த்தால், அவர் வாசித்த ஏழு தட்டிலும் பெரும்பாலான பாட்டுகள் கறுப்புக் கட்டையில்தான் நின்றன. இந்தப் பாட்டின் சுருதி நாலரைக் கட்டை. விரல் வைக்கும் இடமெல்லாம் கறுப்பு. வெள்ளைக் கட்டையில் வாசிப்பதைவிட மூன்று மடங்கு சிரமம். எதற்காக இப்படிச் செய்கிறார் என்று யோசித்து ஒரு விளக்கமும் எழுதிவைத்தேன்: "எளிதான வழியை வேண்டாம் என்கிறவர். கித்தார்க்காரர்கள் முனகிக்கொண்டே இவர் பின்னால் வருகிறார்கள்." எட்டு மாதம் அந்தப் பாட்டைப் பழகினேன். எந்த விரல், எந்தக் கறுப்பு என்று எனக்கென்று ஒரு குறியீடு போட்டு நான்கு பக்கம் எழுதினேன். தட்டின் நடுவில் அச்சிட்டிருந்த நேரம் நான்கு நிமிடம் பத்து வினாடி. சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து அளந்தேன். நான்கு நிமிடம் பத்து வினாடி.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தம்பி கொடுத்த மின்கடிகாரம். எங்கள் எஸ்டேட்டுக்கு அப்போது வெளிக்கரண்டு வரவில்லை. ஆலைக்குப் பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர். மாலை ஏழு மணிக்கு ஓடத் தொடங்கி இரவு பத்தரைக்கு நிற்கும். அதை ஓட்டுகிற எஞ்சின் டிரைவர் என் வீட்டுக்காரர். தினமும் ஏழு மணிக்குக் கரண்டு வந்ததும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திவைப்பேன். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுவேன்; சுவர்க் கடிகாரத்தில் பத்து ஆனதும் படுத்துவிடுவேன். காலையில் எழுந்து பார்த்தால், கரண்டு நின்றபோது எங்கே நின்றதோ அங்கேயே முள் நின்றுகொண்டிருக்கும். பத்து பதினெட்டு. தினமும் பத்து பதினெட்டு. அதாவது என் வீட்டுக்காரர் தினமும் பன்னிரண்டு நிமிடம் முன்னாலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வருகிறார். பதினான்கு மாதமாக அதை டைரியில் குறித்துவந்தேன்.

"பத்தரைக்குத்தான் நிறுத்துறேன், டீச்சர்" என்பார் அவர். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"கடிகாரம் பொய் சொல்லுதாங்க?"

"அத நீதான் கேக்கணும். நான் எஞ்சினோட பேசுறவன்."

இது எங்கள் வீட்டில் சண்டை அல்ல. ஊறுகாய் மாதிரி தினமும் கொஞ்சம்.

அன்று ஒன்றரைக்குக் கிளம்பினோம். கீபோர்டைப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி என் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தேன். ரெம்பாவ் சாலையில் எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் என்ன நினைத்தாரோ, ஒதுங்கி வழிவிட்டார். "சவப்பெட்டின்னு நெனச்சிருப்பான்" என்றார் வீட்டுக்காரர். "சின்னப் பொட்டி லா. பாவம் யாரோன்னு." ஏழு மணிக்குள் அவர் திரும்பி எஞ்சினைக் கிளப்ப வேண்டும், ஆகையால் ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிடம்கூட இருக்க முடியாது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தம்பி வீட்டு முன் அறையில் நாற்காலிகளை வெளியே போட்டுவிட்டு டிரம்மை வைத்திருந்தார்கள். டிரம்மர் எழுந்து நின்று, மலாயில் ஆசிரியரைக் கூப்பிடும் முறையில், "சிக்கு, மாசோக், மாசோக்" என்று உள்ளே வரச் சொன்னார். சூப்பர்வைசர் எழுந்திருக்கவில்லை. நல்ல மீசை. பேஸ் கித்தாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "வாங்க டீச்சர். பள்ளிக்கூடப் பாட்டு இல்லியே இன்னிக்கு?" என்றார்.

"இல்லீங்க. தப்பு வாசிச்சா முட்டி போடச் சொல்றதும் இல்ல" என்றேன். டிரம்மருக்குத் தமிழ் பாதிதான் தெரியும், ஆனாலும் அவர்தான் முதலில் சிரித்தார்.

கீபோர்டை மேசையில் வைத்தேன். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தேன். டிரம்மர் குச்சியைத் தட்டி நான்கு எண்ணினார். தொடக்கத்தின் முதல் மூன்று வரிசையையும் தனியாக வாசித்தேன். ஒரு சுரம் பிசகவில்லை. தம்பியின் முகம் மலர்ந்ததைப் பக்கவாட்டில் பார்த்தேன். நான்காவது வரிசையில் தம்பியும் சூப்பர்வைசரும் சேர்ந்தார்கள்.

தகரக் கூரையில் தேங்காய் விழுந்தால் எப்படி இருக்கும். அப்படி.

நிறுத்தினோம். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் தேங்காய்.

"டீச்சர், இது எந்த ஊரு பாட்டு?" என்றார் சூப்பர்வைசர்.

"அக்கா, எந்தக் கட்டைல வாசிக்கிற?" என்றான் தம்பி.

"நாலரை."

"பாட்டு அஞ்சுக் கட்டைக்கா."

"நாலரை. ரெக்கார்டுல நாலரை. எட்டு மாசமாக் கேட்டுட்டிருக்கேன்."

"கித்தார்ல எவனாச்சும் நாலரைல வாசிப்பானா? கை முறுக்கிக்கும்."

"அதான் அந்த ஆளு. அவரு அப்படித்தான். மத்தவங்கள இழுத்துட்டுப் போவாரு" என்றேன். எழுதிவைத்திருந்த விளக்கத்தை அப்படியே சொன்னேன். சூப்பர்வைசர் வீட்டுக்காரரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார்.

தம்பி ஒரு கேசட்டை எடுத்துவந்தான். என்னிடம் தட்டைக் கொடுப்பதற்கு முன்னால், இதே வீட்டில் அதே தட்டை ஓடவிட்டுப் பதிவு செய்துகொண்டதாம். போட்டான். என் ஆள் வாசித்தார். கீபோர்டில் தேடினேன். ஐந்து. சந்தேகமே இல்லாத, வெள்ளை வெளேரென்ற ஐந்துக் கட்டை.

"கேசட்டு வேகமா ஓடுது" என்றேன்.

"அப்ப நேரம் பாரு."

என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். பாட்டு முடிய நான்கு நிமிடம் பத்து வினாடி. தட்டில் அச்சிட்டிருப்பதும் அதே. என் வீட்டில் நான் அளந்ததும் அதே. அரைக் கட்டை கீழே இறங்கிய பாட்டு, மெதுவாக ஓடினால்தானே இறங்கும்? மெதுவாக ஓடினால் நேரம் கூட அல்லவா ஆகவேண்டும்? அப்படியே சொன்னேன். இது என் கட்சிக்குப் பெரிய பலம் என்று நினைத்தேன்.

தம்பி கித்தாரைக் கீழே வைத்தான். "வீட்டுல எதப் பாத்து அளந்த?"

"நீ குடுத்த சுவர்க் கடிகாரம்தான். வினாடி முள்ளு இருக்கே."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மெல்ல வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான். "மாமா, எஞ்சின எத்தன சைக்கிள்ல ஓட்டுறீங்க?"

"நாப்பத்தேழு" என்றார் அவர் உடனே. "ஐம்பதுல ஓட்டுனா கிழவிக்கு உடம்பு உதறுது. போல்ட்டெல்லாம் கழண்டுக்கும். மேனேஜரே சொல்லிட்டாரு, மெதுவா ஓட்டுன்னு. ஏன், லைட்டு எரியல?"

"லைட்டு எரியும் மாமா. லைட்டுக்குத் தெரியாது."

தம்பி விளக்கினான். ரெக்கார்டு பிளேயரின் மோட்டாரும் சுவர்க் கடிகாரத்தின் மோட்டாரும் கரண்டின் துடிப்பை எண்ணித்தான் சுற்றுகின்றன. வினாடிக்கு ஐம்பது துடிப்பு வரவேண்டிய இடத்தில் நாற்பத்தேழு வந்தால் தட்டும் மெதுவாகச் சுற்றும், கடிகாரமும் அதே அளவு மெதுவாகச் சுற்றும். பாட்டு அரைக் கட்டை இறங்கிவிடும். கடிகாரமும் கூடவே இறங்கிவிடுவதால் நேரம் மட்டும் சரியாகவே இருக்கும். தராசும் எடைக்கல்லும் சேர்ந்து இளைத்த மாதிரி. சிரம்பானிலோ அம்பாங்கானிலோ இருக்கிற எவருக்கும் இந்தத் தப்பு வராது. எங்கள் எஸ்டேட்டில் இருந்தால்தான் வரும், அதுவும் வினாடி முள்ளை வைத்து அளக்கும் ஆளாக இருந்தால்தான் வரும்.

சூப்பர்வைசர் சிரித்த சிரிப்பில் மீசை ஒரு பக்கம் போனது. டிரம்மருக்கு மலாயில் சொல்லிக் காட்டினான் தம்பி. அவர் குச்சிகளைத் தொடைமேல் தட்டித் தட்டிச் சிரித்தார்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மெதுவாக விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார். "மச்சான், அப்ப ஏழு மணிக்கு வச்ச கடிகாரம், பத்தரைக்கு என்ன காட்டும்?"

தம்பி யோசித்தான். "பத்து மணி பதினேழு, பதினெட்டு."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. "பதினாலு மாசம், டீச்சர்" என்றார். "சேப்பு மையில எல்லாத்தயும் திருத்து."

"டைரிய திருத்தக் கூடாது" என்றேன். "தனியா ஒரு பக்கம் எழுதுறேன்."

"பெருசா எழுது."

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஒரு இடம் காலியாகிவிட்டது. கறுப்புக் கட்டைக்காரர் என்று ஒருவர் இல்லவே இல்லை. எளிதான வழியை வேண்டாம் என்றவர் எங்கள் ஜெனரேட்டர்தான். என் ஆள் எல்லாரையும்போல வெள்ளைக் கட்டையில் சுகமாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார். நான்தான் எட்டு மாதம் விரலை முறுக்கியிருக்கிறேன்.

"சரி, அஞ்சுல வாசிங்க, பாப்போம்" என்றார் சூப்பர்வைசர்.

வாசித்தேன். மூன்றாவது வரிசையில் விரல்கள் தாமாகவே கறுப்புக்கு ஏறின. இரண்டாம் தடவையும் அப்படியே. கட்டையை மாற்றிக்கொடுக்கும் பொத்தானெல்லாம் என் கீபோர்டில் கிடையாது. சோம்பேறி விரல் ஒன்றுகூட இல்லை. பத்தும் நன்றாகப் படித்த விரல்கள், ஆனால் வேறு பாடத்தை.

சூப்பர்வைசர் கித்தாரின் பட்டையைத் தோளிலிருந்து கழற்றினார். "ஒண்ணும் நெனச்சிக்காதீங்க டீச்சர். நாளைக்கு ரெம்பாவ்காரன் வரட்டும். விருந்துக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. நீங்க நல்லாத்தான் வாசிக்கிறீங்க, ஆனா நாங்க ஒரு ரூம்ல, நீங்க பக்கத்து ரூம்ல."

மணி நான்கு ஐந்து. கீபோர்டைச் சுற்றும் பிளாஸ்டிக் விரிப்பை எடுக்க நான் குனிந்தேன்.

"இரு" என்றான் தம்பி. "அக்காவால ஏறி வர முடியலன்னா நாம எறங்குனா என்ன? கம்பிய அரைக் கட்டை தளத்துனாப் போச்சு. ஒரே ஒரு வாட்டி."

"இவங்க வீட்டு எஞ்சினுக்காக நான் கம்பியத் தளத்தணுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"நாலு கம்பிதான லா உனக்கு. எனக்கு ஆறு."

முனகிக்கொண்டே தளர்த்தினார். என் விளக்கத்தில் எழுதியிருந்த முனகல் அன்றைக்குத்தான் நிஜமாகவே கேட்டது.

டிரம்மர் எண்ணினார். நான் தொடங்கினேன். அவர்கள் சேர்ந்தபோது தேங்காய் விழவில்லை. சூப்பர்வைசர் பாடத் தொடங்கியதும் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான் இடத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்து டிரம்மர் கண்ணால் கேட்டார். தலையை அசைத்தேன். முதல் சரணம் முழுக்கச் சும்மா இருந்தேன். எட்டு மாதத்தில் பழகியதிலேயே கடினமானது அதுதான். கறுப்புக் கட்டை அல்ல. இரண்டாம் சரணத்தில் அவர் மூச்சு விட்ட இடத்தில் இரண்டு சுரம் வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

பாட்டின் கடைசியில் ஒரு உச்சம் வருகிறது. தம்பி பிறகு சொன்னதுதான்: அந்த இடம் வரும்போதெல்லாம் சூப்பர்வைசர் மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் போய்விடுவார், தம்பி கித்தாரைச் சத்தமாக வாசித்து மூடிவிடுவான், அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதே இல்லை. அன்றும் அவர் ஒரு அடி பின்னால் போனார். போனவருக்குக் குரல் உடையாமல் சுரத்தில் நின்றது. அரைக் கட்டை கீழே இருந்ததால் உச்சம் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அவரே எதிர்பார்க்கவில்லை. மெதுவாக மைக்குக்குத் திரும்பி வந்து அந்தச் சுரத்தை முழுதாகப் பிடித்து, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றார்.

பாட்டு முடிந்தது. சூப்பர்வைசர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செக்காலி லாகி" என்றார் டிரம்மர். இன்னொரு தடவை.

இன்னொரு தடவை வாசித்தோம். அந்த உச்சத்துக்கு இந்த முறை அவர் முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"டீச்சர்" என்றார் முடிந்ததும். "முதல் சரணத்துல ஏன் வாசிக்கல?"

"அந்த ஆளு வாசிக்கல."

"ரெம்பாவ்காரன் சும்மாவே இருக்க மாட்டான். நான் மூச்சு விட்டா அதுக்கும் ஒரு மியூசிக் போடுவான்." தளர்ந்த கம்பியை ஒருமுறை மீட்டிப் பார்த்தார். "நாளைக்கு வர வேணாம்னு நானே அவனுக்குப் போன் பண்ணிடுறேன். அஞ்சுக் கட்டைன்னு யாராச்சும் கேட்டா, நாங்க வேணும்னுதான் எறக்குனோம்னு சொல்லணும். சரியா லா?"

"எஞ்சின் டிரைவர் எறக்குனாருன்னு சொல்லு" என்றார் வீட்டுக்காரர் மூலையிலிருந்து.

ஐந்து இருபத்தைந்துக்குக் கிளம்பினோம். வழியில் நான் அதிகம் பேசவில்லை. இடம் கிடைத்துவிட்டது; அது பெரிய சந்தோஷம். ஆனால் இத்தனை வருஷம் நான் கேட்டது அவரையா, அவருடைய நிழலையா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் என்ன கண்டுபிடித்தாரோ, எஸ்டேட் வளைவில் மோட்டாரை மெதுவாக்கி, "ஏழரைக்கு அந்த ரெக்கார்டப் போட்டு வை" என்றார். "அஞ்சு நிமிசம் கிழவிய ஐம்பதுல ஓட்டிப் பாக்குறேன். அதுக்கு மேல தாங்க மாட்டா."

"மேனேஜர் கேட்டா?"

"டெஸ்டிங்."

ஏழு மணிக்குக் கரண்டு வந்தது. ஏழரைக்குத் தட்டைப் போட்டு ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் பல்பு கொஞ்சம் வெளுத்தது. ஆலைப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் ஒரு படி ஏறி வந்தது. ஊசியை வைத்தேன்.

என் வீட்டில், என் பிளேயரில், அவர் ஐந்துக் கட்டையில் வாசித்தார். இதுவரை நான் கேட்டிருந்தவர் கொஞ்சம் வயதானவர், நிதானமானவர், ஏதோ துக்கத்தை உள்ளே வைத்திருப்பவர். இவர் இளையவர். குறும்புக்காரர். முதல் சரணத்தில் கையை எடுத்துவிடுவதைப் பெரிய அடக்கம் என்று நினைத்திருந்தேன். இப்போது கேட்டால், பாடகரைத் தனியாக நடுவில் நிறுத்திவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் சரணத்தின் இரண்டு சுரமும் முதுகில் தட்டி, "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்வதுபோல இருந்தன. சும்மா இருந்த இடங்களெல்லாம் அப்படியே, அதே இடத்தில் இருந்தன. ஜெனரேட்டரால் அவற்றை அசைக்க முடியவில்லை. அதைக் கவனித்தபோதுதான் மனசு ஆறியது.

பக்கத்து வீட்டு அக்கா சன்னல் வழியாக, "டீச்சர், என்ன இன்னிக்கி லைட்டு கல்யாண வீடு மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

"டெஸ்டிங்க்கா" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் பல்பு பழையபடி மஞ்சளாகியது. ஒன்பது மணிக்கு டைரி எழுதினேன். இரண்டு பக்கம் ஆனது. தனிப் பக்கமும் எழுதினேன், வீட்டுக்காரர் கேட்ட அளவுக்குப் பெரிதாக அல்ல.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பத்துக்கு எழுந்தேன். அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால், முதல் வேலையாக, மண்ணெண்ணெய் விளக்கை மேசையில் வைத்து, கீபோர்டில் புதுப் பேட்டரி ஆறும் போட்டு, சத்தத்தைக் குறைத்துவைத்து, விருந்துக்காக அல்ல, எனக்காக, அந்தப் பாட்டின் முதல் வரிசையை வெள்ளைக் கட்டையில், ஐந்தில், ஒவ்வொரு விரலாக வாசிக்கத் தொடங்கினேன்.